முட்டைக்குள் கேட்கும் பாடம்

அடிலெய்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வீட்டுக்குப் பின்னால் உள்ள புதர்க்காட்டில் ஒரு ஃபேரி ரென் கூடு கட்டியிருக்கிறது. முட்டைமேல் உட்கார்ந்தபடியே தாய்க்குருவி விடாமல் கீச்சிடுகிறது. எதிரிகளுக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடாதா?"

காட்டிக்கொடுக்கத்தான் செய்யும். தெரிந்தே அந்த ஆபத்தை விலைக்கு வாங்குகிறது. காரணம், குயில்.

ஆஸ்திரேலியாவில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை வசந்தம். தென்கிழக்குப் புதர்க்காடுகளில் வாலை நிமிர்த்தித் தத்தித் திரியும் சூப்பர்ப் ஃபேரி ரென் குருவிகளை அப்போது சுலபமாகப் பார்க்கலாம். ஆண் பளீர் நீலம், பெண் பழுப்பு. தரையை ஒட்டிய புதரில், பக்கவாட்டில் வாசல் வைத்த உருண்டைக் கூடு. ஹார்ஸ்ஃபீல்டு வெண்கலக் குயில் அதில் ஒரு முட்டையை இட்டுவிட்டுப் போய்விடும். நம்மூர்க் காகம் ஏமாறுகிற அதே கதைதான். ஆனால் இந்தக் குயில்குஞ்சு இன்னும் மோசம்: பொரித்த ஓரிரு நாளில் கூட்டிலுள்ள மற்றவற்றை வெளியே தள்ளிவிடும்.

இனிமேல்தான் சுவாரசியம். அடைகாக்கத் தொடங்கிப் பத்தாம் நாள்வாக்கில் தாய் ஒரு அழைப்பைத் திரும்பத் திரும்ப எழுப்புகிறது. அதில் ஒரு சுரம் தாய்க்குத் தாய் வேறுபடும். பொரித்த குஞ்சுகள் அதே சுரத்தைச் சேர்த்துத்தான் இரை கேட்கின்றன. பிறவியிலேயே வருவதாக இருக்குமோ? ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முட்டைகளைக் கூடு மாற்றி வைத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் அடைகாத்தவளின் சுரத்தில் கத்தின, முட்டையிட்டவளின் சுரத்தில் அல்ல. அதாவது, ஓட்டுக்குள் இருந்தபடியே கற்றிருக்கின்றன! 2012-இல் இது வெளியானது. அந்தச் சுரத்தைத் தாய் தன் இணைக்கும் கூட்டுக்கு வெளியே பாடிக் காட்டுகிறது. இரை ஊட்டுவதில் அதற்கும் பங்கு உண்டல்லவா?

குயில்குஞ்சும் அதே கூட்டில்தானே இருக்கிறது, அது ஏன் கற்கவில்லை? நேரம் போதவில்லை, அவ்வளவுதான். குயில் முட்டை சுமார் 12 நாளில் பொரித்துவிடும். பாடம் கேட்க இரண்டே நாள். ரென் குஞ்சுகளுக்கு ஏறக்குறைய ஐந்து நாள் கிடைக்கிறது. மற்றவற்றை முந்திக்கொள்ளத்தான் குயில் சீக்கிரம் பொரிக்கிறது. அந்த அவசரமே அதற்கு வினையாகிறது. சுரம் தப்பினால் சோறு இல்லை.

எப்போதும் இது பலிப்பதில்லை. இந்தக் குயிலின் குஞ்சுகளில் சுமார் 40 விழுக்காட்டைத்தான் பெற்றோர் கைவிடுகின்றன என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அப்படிக் கைவிட்டால், பருவம் முடிவதற்குள் வேறு கூடு கட்டி மறுபடி முட்டையிடலாம்.

காகம் கரைந்தால் விருந்தாளி வருவார் என்று அடித்துச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. கூட்டருகே மைக் வைத்து மாதக்கணக்கில் காத்திருப்பவர்களுக்குச் சம்பளம் தரத்தான் ஆளில்லை. இதில் என்ன லாபம் என்று கேட்பவரிடம் ஆராய்ச்சி நிதியை ஒப்படைக்கக் கூடாது என்பது என் கட்சி.

வாசகிக்கு ஒரு வேண்டுகோள்: புதரை விலக்கி எட்டிப் பார்க்காதீர்கள், பைனாகுலர் போதும். பதிவுசெய்த குரலைப் போனில் ஒலிக்கவிடவும் வேண்டாம்.