அடர்த்தியான ரெட் ஒயின் எல்லாம் வருஷக்கணக்கில் தாங்குமா?

நன்றாகப் பழுத்த திராட்சையில் செய்த ரெட் ஒயின், கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினால் மறுபக்கம் தெரியாத அளவுக்குக் கறுத்திருக்கும். ஒரு மடக்கு குடித்ததும் பலரும் சொல்வது: "பத்து வருஷம் வைக்கலாம்." ஒயின் சுவைப்பதையே வேலையாகக் கொண்டவன் என்பதால் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். அடர்த்தி வேறு, தாங்கும் தெம்பு வேறு.

கொடியிலேயே அதிகம் பழுக்கப் பழுக்கப் பழத்தில் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். அந்தச் சர்க்கரைதான் ஆல்கஹால் ஆகிறது. ஆஸ்திரேலியாவின் பரோஸா பகுதியில் ஷிராஸ் என்ற திராட்சையில் செய்யும் ஒயினில் 14.5 சதவீத ஆல்கஹால் சர்வசாதாரணம். புளிப்பு குறைந்து பிஎச் அளவு (புளிப்பு குறையக் குறைய ஏறும் எண் இது) 4-ஐ நெருங்கினால், ஒயினைக் காக்கச் சேர்க்கும் சல்ஃபர் டை ஆக்ஸைடும் சரியாக வேலை செய்யாது. கெடுக்கும் நுண்ணுயிரிகளுக்கு அது கொண்டாட்டம்.

ஒயினை 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் வைத்துச் சுவையுங்கள். அதைவிடச் சூடானால் ஆல்கஹால்தான் முந்திக்கொண்டு வரும். ஒரு வாய் எடுத்து, ஈறு முழுக்கப் படும்படி உருட்டி, துப்பிவிடுங்கள். (விழுங்கிக்கொண்டே இருந்தால் நாலாவது ஒயினுக்குள் எல்லாமே அருமையாகிவிடும்.) இப்போது கவனியுங்கள். நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுத்தால் டானின், அதாவது திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் துவர்ப்புப் பொருள். தொண்டையில் சூடு இறங்கினால் ஆல்கஹால்.

டானின் பலமாக இருப்பது குறையல்ல. நாளாக நாளாக அது நிறப்பொருள்களோடு சேர்ந்து, ஒரு பகுதி வண்டலாக அடியில் தங்கும், துவர்ப்பு தணியும். ஆனால் ஆல்கஹாலின் எரிச்சல் போகாது, இல்லாத புளிப்பு புதிதாக வரவும் வராது. 'வைத்தால் சரியாகிவிடும்' என்பது டானினுக்குத்தான் பொருந்தும். இளம் ஒயினிலேயே உலர்திராட்சை வாசம் தூக்கலாக இருந்தால் நான் அதைச் சேமிக்கச் சொல்வதில்லை. பழவாசம்தான் முதலில் மங்கும்; மங்கிய பிறகு மிஞ்சுவது சூடும் கசப்பும்தான்.

சந்தேகமாக இருந்தால் பாதி பாட்டிலை மூடி வைத்து மறுநாள் சுவைத்துப் பாருங்கள். பத்து வருஷ முதிர்ச்சியை ஓர் இரவு காட்டாதுதான். ஆனால் மறுநாளே தட்டையாகிப்போன ஒயினை நான் நம்ப மாட்டேன்.

தேறியதை இருட்டில், 12 முதல் 14 டிகிரியில், கார்க் நனைந்திருக்கும்படி படுக்க வையுங்கள். முடிந்தால் ஒரே ஒயினில் மூன்று பாட்டிலாவது வாங்குங்கள். அப்போதுதான் இடையில் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு மற்றதைக் குடிப்பதா, வைப்பதா என்று முடிவுசெய்ய முடியும்.