சிக்னலே இல்லாத சந்திப்பில் ஏன் நிற்கிறோம்?

சென்னை பல்லாவரத்தில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கத்திப்பாராவில் சிக்னலே கிடையாது, குறுக்கே எந்த வண்டியும் வராது. அப்புறம் எதற்கு சார் தினமும் காலையில் பாலத்து மேலேயே நிற்கிறோம்?"

நியாயமான கேள்வி. இதை யாரிடம் கேட்டாலும் இரண்டு பதில் தயாராக இருக்கும்: வண்டிகள் பெருகிவிட்டன, நம் ஆட்களுக்கு ஒழுக்கம் போதாது. இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதே வண்டிகளும் அதே ஆட்களும் கொஞ்சம் தள்ளி நேரான சாலையில் ஓரளவு ஓடத்தானே செய்கிறார்கள்? நெரிசலைத் தாண்டி வெளியே வந்ததும் முன்னால் சாலை காலியாகக் கிடந்தால், குற்றவாளி நீங்கள் இப்போது கடந்து வந்த இடம்தான். வெளியே வந்த பிறகும் ஊர்ந்துகொண்டே போனால் குற்றவாளி இன்னும் முன்னால் எங்கோ இருக்கிறான், சந்திப்பு பாவம், அவனுக்காகப் பழி சுமக்கிறது. அடுத்த முறை இதை மட்டும் கவனித்துப் பாருங்கள், பாதி துப்பறிதல் முடிந்துவிடும்.

கத்திப்பாரா மேம்பாலம் 2008-இல் திறக்கப்பட்டது. குளோவர்லீஃப் என்கிற குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் அடிப்படை வடிவம் இது: ஒரு சாலை மேலே, ஒரு சாலை கீழே, நான்கு மூலையிலும் நான்கு வளையங்கள். மேலிருந்து பார்த்தால் குளோவர் என்ற செடியின் நாலு இதழ் இலை மாதிரி இருக்கும், பெயர் அதனால்தான். நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள், ஆகவே இடது திரும்புவது சுலபம்; சிக்கல் எல்லாம் வலது திரும்புவதில்தான், எதிரே வருகிறவர்களைக் குறுக்கே வெட்ட வேண்டும். குளோவர்லீஃபின் தந்திரம் என்னவென்றால், வலது போக வேண்டியவரை வலதுபக்கம் திரும்பவே விடாது. பாலத்தைத் தாண்டவிட்டு, இடது பக்கம் முக்கால் வட்டம் சுற்றவைத்து, அவர் போக வேண்டிய சாலையில் கொண்டுபோய் விடும். யாரும் யாரையும் குறுக்கே வெட்டவில்லை. சிக்னல் தேவையில்லை. அமெரிக்காவில் மேரிலாண்டைச் சேர்ந்த ஆர்தர் ஹேல் என்ற பொறியாளர் 1916-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார், அந்நாட்டின் முதல் குளோவர்லீஃப் நியூஜெர்சியின் உட்பிரிட்ஜில் 1929-இல் வந்தது. அந்தக் காலத்து வண்டி எண்ணிக்கைக்கு இது கிட்டத்தட்ட மாயாஜாலம். பிறகு உலகமெங்கும் கட்டினார்கள். இன்று அதே அமெரிக்காவில் பல இடங்களில் வளையங்களை எடுத்துவிட்டு வேறு வடிவம் வைக்கிறார்கள், உட்பிரிட்ஜில் இருந்த அந்த மூத்த இலையும் இப்போது இல்லை.

ஏன் எடுக்கிறார்கள் என்று பார்ப்பதற்குள் ஒரு சின்னக் கணக்கு. வளைவில் போகும் வண்டியை வெளியே தள்ளாமல் பிடித்து வைப்பது டயரின் உராய்வும் சாலையின் சரிவும். பள்ளிக்கூடத்தில் படித்த அதே சமன்பாடுதான், வேகத்தின் வர்க்கம் ஆரத்துக்கு நேர் விகிதம். 50 மீட்டர் ஆரமுள்ள வளையத்தில் சௌகரியமாகப் போகக்கூடிய வேகம் மணிக்கு 35, 40 கிலோமீட்டருக்கு மேல் வராது. இதை இரட்டிப்பாக்க ஆரம் 4 மடங்கு ஆக வேண்டும், வளையம் அடைத்துக்கொள்ளும் நிலம் 16 மடங்கு. நகரத்துக்குள் அவ்வளவு நிலத்துக்கு எங்கே போவது? ஆக, வளையத்திலிருந்து வெளியே வருகிற எந்த வண்டியும் மெதுவாகத்தான் வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாலத்துக்கு மேலே வாருங்கள். பாலத்துக்குச் சற்று முன்னால் ஒரு வளையம், அது வண்டிகளை நம் சாலைக்குள் கொண்டுவந்து விடுகிறது. பாலம் முடிந்ததும் இன்னொரு வளையம், அது நம் சாலையிலிருந்து வண்டிகளை எடுத்துக்கொண்டு போகிறது. இரண்டும் நம் இடது பக்கத்தில்தான். அப்படியானால் இடையில் உள்ள அந்தக் கொஞ்ச தூரத்தில் என்ன நடக்க வேண்டும்? உள்ளே வந்தவர்கள் வலது பக்கம் நகர வேண்டும், வெளியே போகிறவர்கள் இடது பக்கம் நகர வேண்டும், இருவருக்கும் அதே நூறு, இருநூறு மீட்டர்தான், அதே சில வினாடிகள்தான். குறுக்கே வெட்டுவதை ஒழித்துவிட்டோம் என்று நினைத்தோம் அல்லவா, ஒழியவில்லை. தொண்ணூறு டிகிரியில் வெட்டிக்கொண்டிருந்ததை இழுத்துச் சாய்த்து நீளவாக்கில் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். ஜடையில் ஒரு கால் இந்தப் பக்கமும் ஒரு கால் அந்தப் பக்கமும் மாறுவது போல இருப்பதால் இதைப் பின்னல் என்றே சொல்லலாம். ஜடை பின்னுகிறவருக்குக் கை ஒன்றாக வேலை செய்யும். இங்கே ஒவ்வொரு முடியும் தானே தீர்மானிக்கிறது.

சரி, நகர்ந்துகொள்ளட்டும், அதனால் என்ன என்று கேட்கலாம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான், இதற்காகத்தான் கட்டுரையே.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு தடம் (லேன்) நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. வளையத்திலிருந்து வந்த பேருந்து 30 கி.மீ. வேகத்தில் அதற்குள் நுழைகிறது. பின்னால் வருபவர் பிரேக் போடுகிறார், ஹாரன் அடிக்கிறார், திட்டுகிறார். எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். நீங்கள் பேருந்துக்கு முன்னால் பாருங்கள். முன்னே போகிறவர் எதையும் கவனிக்காமல் 60-இல் போய்க்கொண்டே இருக்கிறார். பேருந்து 60-ஐ எட்ட ஒரு 10 வினாடி என்று வைத்துக்கொள்வோம் (படிக்கட்டு வரை ஆள் ஏறிய பேருந்துக்கு இது ரொம்பவே தாராளமான கணக்கு). இருவருக்கும் சராசரியாக 15 கி.மீ. வேக வித்தியாசம், அதாவது வினாடிக்கு 4 மீட்டர் சொச்சம். 10 வினாடி முடியும்போது பேருந்துக்கு முன்னால் சுமார் 42 மீட்டர் கூடுதலாக வெறும் தார்ச்சாலை.

அந்த ஓட்டையைப் பேருந்து பிறகு அடைத்துவிடாதா? அடைக்காது. முன்னால் போகிறவரும் 60, பேருந்தும் இப்போது 60. பிடிக்க வேண்டுமானால் அவரைவிட வேகமாகப் போக வேண்டும். ஆகவே அந்த 42 மீட்டர் வெறுமை, ஒரு வண்டியைப் போலவே, 60 கி.மீ. வேகத்தில் சாலையில் பயணம் செய்கிறது! சாலையோரம் நிற்கும் ஒருவரை அது கடந்து முடிக்க 2.5 வினாடி ஆகிறது. நன்றாக ஓடும் ஒரு தடத்தில் மணிக்கு 2,000 வண்டி போகும், அதாவது 1.8 வினாடிக்கு ஒன்று. ஆக, யாருக்கும் பயன்படாமல் ஒரு வண்டிக்கும் மேற்பட்ட இடம் போய்விட்டது, இனி திரும்ப வராது. கிளாம்பாக்கத்திலிருந்து காலி இருக்கையோடு கிளம்பிவிட்ட பேருந்து மாதிரி: அந்த இருக்கையை அடுத்த பேருந்தில் கூடுதலாகப் போட முடியுமா? இப்படி ஒரு மணி நேரத்தில் 200 தடவை நடந்தால் 500 வினாடி, 3,600-இல் கிட்டத்தட்ட 14 சதவீதம். யாரும் விபத்து செய்யவில்லை, யாரும் சாலையை மறிக்கவில்லை, ஏழில் ஒரு பங்கு சாலை காணாமல் போயிற்று.

இதிலும் விசித்திரம், இந்த இழப்பு தனக்குத் தானே தீனி போட்டுக்கொள்வது. வரிசை ஒருமுறை நின்றுவிட்டால் உள்ளே நுழைகிறவர்கள் 30-இல் அல்ல, 10-இல் நுழைவார்கள். அப்போது ஓட்டை இன்னும் பெரிது. பல நாட்டு நெடுஞ்சாலைகளில் அளந்திருக்கிறார்கள், ஓட்டம் ஒருமுறை உடைந்துவிட்டால் அந்த இடம் வெளியே அனுப்பும் வண்டி எண்ணிக்கை பெரும்பாலும் 5 முதல் 15 சதவீதம் வரை குறைந்துவிடுகிறது. 10 என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு தடங்கள், உடையாத வரை மணிக்கு 4,000 வண்டி, உடைந்த பிறகு 3,600. காலையில் வருவது 3,800 வண்டி. ஓட்டம் உடையாத நாளில் 3,800-ம் வழுக்கிக்கொண்டு போய்விடும். உடைந்த நாளில் அதே 3,800 வர, 3,600 மட்டும் போக, மணிக்கு 200 வண்டி பின்னால் சேர்ந்துகொண்டே இருக்கும், அலுவலக நேரம் முடிந்து வரத்து குறையும் வரை விடிவு கிடையாது. "நேற்று இதே நேரத்துக்குத்தான் கிளம்பினேன், சல்லென்று போனேன், இன்றைக்கு என்ன வந்தது?" என்று புலம்புகிறோமே, எதுவுமே வரவேண்டியதில்லை. எட்டேகாலுக்கு யாரோ ஒருவர் கடைசி நொடியில் தடம் மாறினார், அது போதும்.

நின்றுபோன இடம் அங்கேயே நிற்பதும் இல்லை, மணிக்கு 15, 20 கி.மீ. வேகத்தில் பின்னோக்கி நகரும். ஜப்பானில் ஓர் ஆய்வுக் குழு 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களைச் சுற்றவிட்டு, சந்திப்பே இல்லாமல், தடை எதுவும் இல்லாமல் நெரிசல் தானாக முளைத்து வண்டிகளுக்கு எதிர்த் திசையில் நகர்வதைக் காட்டியது, 2008-இல் வெளியானது. வெறும் வட்டத்திலேயே அப்படி என்றால் பின்னலில் கேட்கவா வேண்டும்.

வேக வித்தியாசம் இருக்கும் இடத்தில் மோதலும் இருக்கும். பின்னல் பகுதிகளில் இடிபடுவது சகஜம். இப்படி ஓர் இடத்தில் அடிக்கடி வண்டி மோதினால் நம் ஊரில் முதலில் வருவது அளவு நாடாவோ கேமராவோ அல்ல, பூசணிக்காய். "அந்த இடத்தில் ஏதோ இருக்கு." இருக்கிறதுதான், நுழைகிறவர்களும் வெளியேறுகிறவர்களும் மாறிக்கொள்ளப் போதாத தூரம் இருக்கிறது. உடைத்த பூசணிக்காயை யாரும் அள்ளுவதும் இல்லை, இரண்டு சக்கரத்தில் வருகிறவர் அதில் வழுக்கி விழுந்தால் "ஏதோ"வுக்கு இன்னொரு ஆதாரம்.

சரிசெய்ய வழி உண்டா? உண்டு. பின்னலைப் பிரதான சாலையில் நடக்கவிடாமல் பக்கத்தில் தனி இணைச்சாலை போட்டு அங்கே நடத்தலாம். கூட்டம் அதிகமான வளையத்தை எடுத்துவிட்டு நேரடியாக ஒரு பாலம் கட்டலாம். இரண்டுக்கும் நிலமும் பணமும் வேண்டும். மலிவான வழி, நுழைவுப் பாதையில் ஒரு சின்ன சிக்னல் வைத்து, சில வினாடிக்கு ஒரு வண்டி என்று விடுவது. ஓட்டத்தை உடையவிடாமல் காப்பதுதான் இதன் வேலை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் பகுதியில் இப்படிச் சுமார் 430 சிக்னல்கள் இருந்தன. காத்திருந்து சலித்த மக்கள் இதெல்லாம் வேண்டுமா என்று கேட்க, சட்டமன்றம் 2000-ஆம் ஆண்டில் சில வாரங்களுக்கு மொத்தத்தையும் அணைத்து அளந்து பார்க்கச் சொல்லிவிட்டது. நெடுஞ்சாலையில் போன வண்டிகள் 9 சதவீதம் குறைந்தன, பயண நேரம் 22 சதவீதம் கூடியது, விபத்துகள் 26 சதவீதம் கூடின. மறுபடி போட்டார்கள், காத்திருக்கும் நேரத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து. அணைத்துப் பார்த்துவிடுவோம் என்று ஓர் அரசு துணிந்தது எனக்கு அந்த எண்களைவிடப் பிடித்திருக்கிறது.

நமக்கு இதை அப்படியே எடுத்துவர முடியாது, ஏனென்றால் மேலே நான் போட்ட கணக்கு முழுவதும் கார்களும் தடங்களும் உள்ள சாலைக்கானது. நம் சாலையில் பைக்குகள் உண்டு. பேருந்துக்கு முன்னால் 42 மீட்டர் வெறுமை திறந்ததும் நாலு பைக் அதில் பாய்ந்துவிடும். அது நல்லதா கெட்டதா? வீணாகப் போக இருந்த இடம் பயன்பட்டது, நல்லது. ஆனால் பாய்ந்த பைக்கைப் பார்த்துப் பேருந்து மறுபடி பிரேக் போட்டால் அதற்கு முன்னால் இன்னொரு ஓட்டை பிறக்கும். எது ஜெயிக்கும் என்பதை அளந்தால்தான் சொல்ல முடியும். அளக்கவும் முடியும்: சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்தை வீடியோ எடுத்து, ஒவ்வொரு பைக்கும் ஆட்டோவும் பேருந்தும் எப்படி வளைந்து நெளிந்து போனது என்ற தரவை 2015-இலேயே ஆய்வாளர்கள் வெளியிட்டிருக்கிறார்கள், உலகத்தில் கலப்புப் போக்குவரத்தை ஆராய்கிறவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அப்படி ஒவ்வொரு பெரிய சந்திப்புக்கும் ஏன் இல்லை? பாலத்துக்கு நூற்றுக்கணக்கான கோடி ஒதுக்குகிறோம், அது சரி. பாலம் திறந்த மறுநாள் அதன்மேல் என்ன நடக்கிறது என்று பார்க்க நாலு கேமராவும் நாலு மாணவர்களும் கேட்டால் மட்டும் கோப்பு நகராது. எனக்கு இதில் கோபம்தான், மறைக்கவில்லை.

போன வாரம் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கை கிடைத்தது. வளையத்தைச் சுற்றி மேலேறி வந்ததும் கண்ணாடி வழியாக எண்ண ஆரம்பித்தேன். முன்னால் வெறுமை திறந்தது, ஒன்று, இரண்டு, மூன்று பைக்குகள் நுழைந்தன, நாலாவதாக ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே வர ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார், நான் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டேன், கணக்கு விட்டுப்போயிற்று.