வடிவமைப்பாளரிடம் போகுமுன் எழுதி முடிக்க வேண்டியவை

கோயம்புத்தூரில் சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்களுக்கு இணையதளம் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். நாங்கள் தரும் விலைப்புள்ளியின் கடைசிப் பக்கத்தில், "பக்கங்களுக்கு வேண்டிய எழுத்தையும் படங்களையும் வாடிக்கையாளரே வழங்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். தொகையைப் பற்றி நெடுநேரம் பேசுபவர்கள்கூட அந்த வரியைக் கவனிப்பதில்லை. முன்பணம் கொடுத்து, வண்ணமும் முகப்பும் முடிவான பிறகு, "இனி விவரங்களைக் கொடுங்கள்" என்று நாங்கள் கேட்கும்போதுதான் அது தம்முடைய வேலை என்பது அவர்களுக்குத் தெரியவருகிறது. என்னிடம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்த தளங்களில் பெரும்பாலானவை எழுதித் தர ஆளில்லாமல் முடங்கியவையே. தொழில்நுட்பச் சிக்கலால் நின்றவை மிகக் குறைவு.

எழுத்து கைக்கு வராதபோது, 'லோரம் இப்சம்' என்று தொடங்கும் பொருளற்ற லத்தீன் வரிகளை இட்டு நிரப்பி மாதிரியைக் காட்டுவது எங்கள் துறையின் வழக்கம். அந்த மாதிரி அழகாகவே இருக்கும். ஏனெனில் அதிலுள்ள வரிகள், பெட்டியின் அளவுக்கு ஏற்பத் தேவையான இடத்தில் வெட்டி எடுக்கப்பட்டவை. உண்மையான தமிழ் எழுத்து வந்து சேரும்போது அந்த அழகு கலைந்துவிடுகிறது. 'கான்டாக்ட்' என்ற ஒரு சொல்லுக்கு அளந்து செய்த பொத்தானில் 'எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்' என்பது அடங்காமல் கைபேசித் திரையில் இரண்டு வரியாக உடையும். மேலே வளைவும் கீழே சுழியும் கொண்ட நம் எழுத்துகளுக்கு வரி இடைவெளியும் சற்றுக் கூடுதலாக வேண்டும். இவற்றையெல்லாம் பின்னர் சரிசெய்வது ஏறத்தாழ இரண்டாம் முறை வடிவமைப்பதற்குச் சமம்; அதற்கான செலவும் காலமும் வாடிக்கையாளரின் தலையிலேயே விழுகின்றன.

என்ன எழுதுவது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. கிரைண்டர் தயாரிக்கும் ஒருவர், முகப்பில் போடச் சொல்லி முதலில் எனக்கு அனுப்பியது, "தரமே எங்கள் தாரக மந்திரம், வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்" என்ற இரண்டு வரிகள்தாம். ஓட்டல் தொடங்கப் போகிறவர் அந்த வரிகளைப் படித்து எதைத் தெரிந்துகொள்ள முடியும்? ஆகவே, கடைத் தொலைபேசிக்கு அருகில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, இரண்டு வாரங்களுக்கு அழைப்பவர்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்ட சொற்களிலேயே குறித்து வைக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டேன். பத்து லிட்டர் கிரைண்டருக்கு சிங்கிள் ஃபேஸ் போதுமா, த்ரீ ஃபேஸ் வேண்டுமா. கல் தேய்ந்தால் நீங்களே கொத்தித் தருவீர்களா. பெல்ட் அறுந்தால் எங்கள் ஊரில் கிடைக்குமா. மோட்டாருக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், லாரியில் அனுப்பும்போது கல் உடைந்தால் பொறுப்பு யாருடையது என்று நோட்டு நிறைந்தது. அவற்றுக்கு அவர் தொலைபேசியில் சொன்ன பதில்களையே, பேச்சுவழக்கை மட்டும் சற்றுத் திருத்தி எழுதியபோது, தளத்தின் முக்கியமான பக்கங்கள் அனைத்தும் அமைந்துவிட்டன. வெளியிலிருந்து எழுத்தாளர் ஒருவரை அமர்த்தினாலும், இந்த விவரங்கள் உரிமையாளரிடமிருந்துதான் வர வேண்டும். போட்டி நிறுவனத்தின் தளத்திலிருந்து வரிகளை எடுத்துப் போடச் சொல்பவர்களும் உண்டு. அது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை மீறுவதாகும் என்பதோடு, உங்களால் நிறைவேற்ற முடியாத உத்தரவாதங்களையும் உங்கள் பெயரில் அறிவித்துவிடும்.

பழைய துண்டறிக்கையின் கோப்பு இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று பலர் சொல்வதுண்டு. அச்சகங்களில் பல, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்பவை. அத்தகைய கோப்பிலிருந்து நகலெடுத்து இணையப் பக்கத்தில் ஒட்டினால் தமிழுக்குப் பதிலாகத் தொடர்பற்ற ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான் தெரியும். இணையத்தில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் மாற்றிய பிறகு, குறிப்பாக கிரந்த எழுத்துகளையும் மேற்கோள் குறிகளையும், ஒருமுறை வரிவரியாகப் பார்த்தே ஆக வேண்டும். சிரமத்தைத் தவிர்க்கத் துண்டறிக்கையைப் படமாகவே பக்கத்தில் போட்டுவிடுவது தவறு. தேடுபொறிகள் படத்திலுள்ள எழுத்தைப் பக்கத்தின் எழுத்தைப் போல எடுத்துக்கொள்வதில்லை. திரையிலுள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளின் உதவியோடு படிக்கும் பார்வையற்றவர்களுக்கும் அது பயன்படாது.

படங்களைப் பொறுத்தவரை, வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் அளவும் துல்லியமும் குறைந்துவிடும் என்பதால், ஆவணமாக அனுப்புவது நல்லது.

தளத்திலேயே விற்பனை செய்வதாக இருந்தால், எழுத வேண்டியவை இன்னும் கூடும். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020, நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு விவரங்கள், குறைதீர் அலுவலரின் விவரம் ஆகியவற்றைத் தளத்தில் தெளிவாகக் காட்டச் சொல்கின்றன. பொருளைத் திருப்பி அனுப்புதல், பணத்தைத் திரும்பப் பெறுதல், உத்தரவாதம் ஆகியவை குறித்த தகவலும் வேண்டும். வாங்குபவரின் பணத்தை இணையவழியே பெற்றுத் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனங்களும் கணக்கைச் செயல்படுத்துமுன் இந்தப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பொதுவாகச் சரிபார்க்கின்றன. பணத்தை எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள் என்பதை வடிவமைப்பாளர் தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் விடாதீர்கள்.

எழுத்தை இறுதி செய்யும் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் ஒப்படையுங்கள். குடும்பமாகத் தொழில் செய்யும் இடங்களில், அண்ணன் ஒப்புக்கொண்ட வாசகத்தைத் தம்பி மாற்றி, தம்பி மாற்றியதை ஊரிலிருந்து திரும்பிய அப்பா பழையபடியே வைக்கச் சொன்ன அனுபவம் எனக்குப் பலமுறை நேர்ந்திருக்கிறது. யார் எழுதுவது, யார் ஒப்புதல் தருவது, எந்தத் தேதிக்குள் தருவது, அதன் பிறகு எத்தனை திருத்தங்கள் கட்டணமின்றிச் செய்யப்படும் என்பவற்றை, முன்பணம் கைமாறுமுன் விலைப்புள்ளியிலேயே எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.