உடைந்த டிஸ்க்கிலிருந்து கணக்கு எப்படித் திரும்பி வருகிறது?

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடைக் கணக்கை எல்லாம் கிளவுடுக்கு மாற்றிவிடுங்கள் என்கிறார் ஆடிட்டர். இருபது வருடமாக என் கண்ணெதிரே இருக்கும் கணக்கு அது. எங்கேயோ இருக்கிற அந்தக் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் என் கணக்கு என்ன ஆகும்?"

கிளவுடை விற்க வருகிறவர்கள் மாத வாடகை, போனிலிருந்தே பில் போடும் வசதி, புது சர்வர் வாங்கும் செலவு மிச்சம் என்று ஆரம்பிப்பார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் நாலு பேரிடம் பாக்கி வசூலிக்க வேண்டிய வியாபாரிக்கு முதலில் எழ வேண்டிய கேள்வி இதுதான். இதற்கான பதிலில் எட்டாம் வகுப்புக் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கிளவுடு என்றால் என்னவென்று ஒரு வரியில்: பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை அடுக்கி, கரன்ட்டும் குளிர்ச்சியும் கொடுத்து, அவற்றின் இடத்தையும் வேகத்தையும் வாடகைக்கு விடுவது. அமேசான் 2006-இல் இந்தத் தொழிலை ஆரம்பித்தது. 2016-இல் மும்பையிலும் 2022-இல் ஐதராபாத்திலும் அதன் மையங்கள் வந்தன. மைக்ரோசாப்டுக்குச் சென்னையிலேயே ஒரு மையம் இருக்கிறது. ஆக, உங்கள் கணக்கு வானத்தில் மிதக்கப் போவதில்லை. நம் ஊர் போன்ற ஓர் ஊரில், ஒரு கட்டடத்தில், ஒரு ஹார்டு டிஸ்க்கில்தான் உட்கார்ந்திருக்கும்.

இப்போது நேரடிப் பதில். அந்த டிஸ்க் கெட்டுத்தான் போகும். டேட்டா சென்டர் எனப்படும் அந்தக் கட்டடங்களில் ஓடும் டிஸ்க்குகளில் வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்றாவது செத்துப்போவது வழக்கம். உங்கள் கடையில் இருப்பது ஒரே டிஸ்க் என்பதால், அதிர்ஷ்டம் இருந்தால் பத்து வருடம்கூட ஓடும். பத்தாயிரம் டிஸ்க் வைத்திருப்பவருக்கு அப்படியில்லை. வருடத்துக்கு நூறு சாகும், அதாவது வாரத்துக்கு இரண்டு. அவர் எவ்வளவு விலை உயர்ந்த டிஸ்க் வாங்கினாலும் சாவைத் தடுக்க முடியாது. ஆகவே டிஸ்க் சாகும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, அதற்கேற்றபடிதான் எல்லாவற்றையும் கட்டுகிறார்.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, பிரதி எடுப்பது. ஒரே கணக்கை மூன்று டிஸ்க்கில் வைத்தால் இரண்டு செத்தாலும் ஒன்று இருக்கும். பல இடங்களில் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு ஜிபி தகவலுக்கு மூன்று ஜிபி இடம் வேண்டும், அந்தச் செலவு கடைசியில் உங்கள் வாடகையில்தான் வந்து விழும். இதைவிடக் குறைந்த இடத்தில், இதைவிட அதிகப் பாதுகாப்பு கிடைக்குமா? கிடைக்கும். வழி இதோ, பென்சிலும் பேப்பரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இரண்டு எண்கள் இருக்கின்றன: 40, 55. ஏதோ இரண்டு பில் தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராஃப் தாளில் ஒன்றாம் இடத்தில் 40 உயரத்தில் ஒரு புள்ளி, இரண்டாம் இடத்தில் 55 உயரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். ஸ்கேலை வைத்து இரண்டையும் சேர்த்து ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டை அப்படியே நீட்டுங்கள். மூன்றாம் இடத்தில் அது 70-ஐத் தொடும். நான்காம் இடத்தில் 85. இப்போது 40, 55, 70, 85 என்ற நான்கு எண்களையும் நான்கு தனித்தனி டிஸ்க்கில் வைத்துவிடுங்கள்.

உங்கள் அசல் பில் இரண்டும் இருந்த முதல் இரண்டு டிஸ்க்கும் ஒரே நாளில் எரிந்துபோகின்றன. மிஞ்சியது மூன்றாம் இடத்து 70, நான்காம் இடத்து 85. ஒரு படிக்கு 15 ஏறுகிறது என்று இரண்டையும் பார்த்தாலே தெரிகிறது. பின்னோக்கி இறங்குங்கள்: 55, அப்புறம் 40. பில் இரண்டும் திரும்பி வந்துவிட்டன! வேறு எந்த இரண்டு போனாலும் இதே கதைதான். நடுவில் உள்ள இரண்டும் போய்விட்டால்? முதல் இடத்தில் 40, நான்காம் இடத்தில் 85 இருக்கின்றன. மூன்று படியில் 45 ஏறியிருக்கிறது, படிக்கு 15. சரியாகிவிட்டது.

இதில் என்னை இன்றும் மலைக்க வைப்பது, 70-க்கும் 85-க்கும் சொந்தமாக எந்தத் தகவலும் கிடையாது என்பதுதான். அவை எந்த பில்லின் பிரதியும் இல்லை. ஆனாலும் எந்த பில் தொலைந்தாலும் அதன் இடத்தில் நின்று கொடுக்கின்றன. நான்கில் எது போகும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டியதில்லை, ஏதாவது இரண்டு மிஞ்சினால் போதும். இரண்டு புள்ளிகள் வழியே ஒரே ஒரு நேர்கோடுதான் போக முடியும் என்று பள்ளியில் படித்தோமே, அந்த ஒற்றை உண்மையின் பலம் இவ்வளவும்.

இங்கே இரண்டுக்கு நான்கு வைத்தோம், இடம் இரட்டிப்பானது. பெரிய அளவில் செய்யும்போதுதான் லாபம் தெரியும். மூன்று புள்ளிகள் தெரிந்தால், அவற்றின் வழியே போகும் ஓர் இருபடிக் கோவையின் (x² வரை உள்ள கோவை) வளைவைக் கண்டுபிடித்துவிடலாம். அதேபோல் பத்துப் புள்ளிகளுக்கு, x-இன் அடுக்கு ஒன்பதுக்கு மேற்படாத பல்லுறுப்புக்கோவையின் வளைவு ஒன்றே ஒன்றுதான் பொருந்தும். தகவலைப் பத்துத் துண்டாக நறுக்குங்கள், அந்த வளைவை நீட்டி இன்னும் நான்கு புள்ளிகள் கணக்கிடுங்கள், பதினான்கையும் பதினான்கு இடத்தில் வையுங்கள். எந்த நான்கு போனாலும் கணக்கு பிழைக்கும். இடமோ 1.4 மடங்குதான். மூன்று பிரதிக்கு மூன்று மடங்கு இடம், தாங்குவது இரண்டு சாவை மட்டும். ஃபேஸ்புக் தன் பழைய படங்களைச் சேமிக்க இந்தப் பத்துக்கு நான்கு முறையைப் பயன்படுத்துவதை 2014-இல் விவரமாக வெளியிட்டது. பேக்பிளேஸ் என்ற சேமிப்பு நிறுவனம் பதினேழுக்கு மூன்று வைப்பதாக 2015-இல் சொன்னது.

ஒரு சிக்கல் உண்டு. கம்ப்யூட்டர் தகவலைப் போட்டு வைக்கும் சின்னப் பெட்டியான ஒரு பைட்டுக்குள் 0 முதல் 255 வரைதான் அடங்கும், நம் கோடோ மேலே ஏறிக்கொண்டே போகிறது. 256 எண்களுக்குள்ளேயே கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் வகுத்தலும் முடிந்துவிடுகிற, வெளியே போகவே போகாத ஒரு தனிக் கணிதம் இதற்குத் தேவை. அதற்கு அடித்தளம் போட்டவர் எவரிஸ்ட் கால்வா என்ற பிரெஞ்சு இளைஞர். 1832-இல் ஒரு துப்பாக்கிச் சண்டையில் காயப்பட்டு இறந்தபோது அவருக்கு வயது இருபது. அந்தக் கணிதத்தை எடுத்து மேலே சொன்ன முறையை அமைத்தவர்கள் இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்ற இருவர். 1960-இல் வெளியான அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை ஐந்தே பக்கம். அன்றைய கம்ப்யூட்டர்களில் அதை வேகமாகச் செய்து முடிக்க வழியில்லை. தொலைந்ததை விரைவாக மீட்கும் முறையை மற்றவர்கள் அந்தப் பத்தாண்டின் இறுதியில்தான் கண்டுபிடித்தார்கள். 1982-இல் விற்பனைக்கு வந்த சிடியில் கீறல் விழுந்தாலும் பாட்டு ஓடியது இதனால்தான். உங்கள் கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடின் நடுவில் ஒரு லோகோ கொஞ்சம் இடத்தை மறைத்திருந்தும் ஸ்கேன் ஆகிறதே, அங்கேயும் ரீட், சாலமன்தான்.

இதை எழுதும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆதங்கம் வரும். "இந்தக் கணிதத்தால் நாட்டுக்கு என்ன பயன்?" என்று நிதி கேட்டு வருகிறவர்களிடம் கேட்டு மடக்குவது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. கால்வாவிடம் யாராவது அதைக் கேட்டிருந்தால் அவர் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? சிறுசேரி சிப்காட்டில் சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, அதே சிப்காட்டில் டேட்டா சென்டர்களும் இருக்கின்றன. டேட்டா சென்டருக்குச் சலுகை கொடுக்கும் கை, பக்கத்தில் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தயங்காமல் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, கடைக்குத் திரும்புவோம். என் மாமா முடிச்சூரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். தினமும் இரவு கணக்கை பென்டிரைவில் ஏற்றி, சாமி அலமாரியில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் வைப்பார். கண்ணுக்கு ஒற்றிக்கொண்டுதான் வைப்பார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கம்ப்யூட்டர், அலமாரி, படம், பென்டிரைவ் எல்லாவற்றையும் ஒரே தண்ணீர் மூழ்கடித்தது. அவர் செய்ததில் பாதி மிகச் சரி, நாள் தவறாமல் பிரதி எடுத்தார். அவருடைய பக்தியையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிரதியைச் சாமி பார்த்துக்கொள்ளும் என்று அதே கூரையின் கீழ் விட்டதுதான் தவறு. நாங்கள் உட்கார்ந்து யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்று ஞாபகத்திலிருந்து எழுதியபோது, பாதிப் பேர் பெயர்தான் வந்தது, தொகை வரவில்லை.

பதினான்கு துண்டுகளுக்கும் இதே விதிதான். பதினான்கும் ஒரே கட்டடத்தில் இருந்தால் கணிதம் எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோஜனமில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று முழுவதும் எரிந்தது. அங்கே சர்வர் வாடகைக்கு எடுத்து, வேறிடத்தில் பிரதி வைக்காதவர்கள் பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். அவர்களும் கிளவுடில்தான் இருந்தார்கள்.

ஈரோட்டு வாசகர் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம் இது. கிளவுடு என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறார்கள். ஒன்று, துண்டு துண்டாக்கிப் பல கட்டடங்களில் தானே பரப்பி வைக்கும் சேமிப்பு. அமேசானின் எஸ்3 அப்படிப்பட்டது. ஒரு கோடிக் கோப்புகள் வைத்தால் பத்தாயிரம் வருடத்துக்கு ஒன்று தொலையலாம் என்ற அளவுக்கு அதை வடிவமைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். இன்னொன்று, எங்கோ ஒரு சர்வரில் உங்களுக்கென ஒரு பகுதியை ஒதுக்கி, அதில் உங்கள் கணக்கு மென்பொருளை அப்படியே போட்டுக் கொடுப்பது. சின்ன கடைகளுக்குப் பெரும்பாலும் விற்கப்படுவது இந்த இரண்டாவதுதான். தினசரி பேக்கப்பை வேறு ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்யாவிட்டால், அது மாமாவின் பென்டிரைவை இன்னொருவர் வீட்டு அலமாரியில் வைத்ததற்குச் சமம். விற்பவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: பேக்கப் எந்த ஊரில் இருக்கிறது? சர்வர் இருக்கும் கட்டடமா, வேறா? உங்களுடையது கம்பெனியாகப் பதிவானது என்றால், கணக்குப் புத்தகத்தின் பேக்கப்பை இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் தினமும் எடுக்க வேண்டும் என்று 2022-இல் விதியே வந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கணிதம் டிஸ்க் சாவிலிருந்துதான் காப்பாற்றும், கைத்தவறிலிருந்து காப்பாற்றாது. உங்கள் கடைப் பையன் போன வருடக் கணக்கை அழித்துவிட்டால், அழித்ததையும் அது பதினான்கு இடத்திலும் பொறுப்பாகச் செய்து முடிக்கும். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி கூகுளிடம் வைத்திருந்த தனி கிளவுடு ஒன்று, அமைப்பில் நேர்ந்த ஒரு பிழையால் பிரதியோடு ஒருசேர அழிந்தது. வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது மீள்வதற்குக் கைகொடுத்தது. பழைய பதிப்புகளைச் சில வாரங்களாவது அழிக்காமல் வைத்திருக்கும் வசதி கிளவுடில் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். வாரம் ஒருமுறை ஒரு பிரதியை வேறு இடத்துக்கும் இறக்கிக்கொள்ளுங்கள்.

கிளவுடுக்கு மாறிய முதல் மாதம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்காருங்கள். வேறொரு கம்ப்யூட்டரை எடுத்து, பேக்கப்பிலிருந்து முந்தைய வாரத்துப் பில் ஒன்றை மீட்டுப் பாருங்கள். வந்தால், தொகையை உங்கள் கையெழுத்து நோட்டோடு ஒப்பிடுங்கள். வராவிட்டால் திங்கள் காலை விற்றவருக்குப் போன் போடுங்கள், வரும்வரை பழைய கம்ப்யூட்டரைக் கழற்ற வேண்டாம்.