ஸ்கர்ட்டிங்: சுவரடிப் பட்டை

புதுச்சேரியில் வீடு கட்டுகிறவர் தரை டைலுக்கு விலை பேசும்போது கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும் சொல் ஸ்கர்ட்டிங். தரையும் சுவரும் சேருமிடத்தில், சுவரின் அடியை ஒட்டி ஏறக்குறைய நான்கு அங்குல உயரத்துக்கு ஓடும் பட்டைக்கு இந்தப் பெயர். துடைப்பமும் ஈரத் துணியும் நாள்தோறும் உரசுகிற இடம் அது. வெறும் பெயின்ட் அங்கே ஓராண்டு தாங்கினால் பெரிது. டைல் சுவரோடு சேரும் கோணல்மாணலான வெட்டையும் இந்தப் பட்டைதான் மறைக்கிறது.

ஆங்கிலத்தில் இது ஸ்கர்ட், அதாவது பாவாடை, என்பதிலிருந்து பிறந்தது. பழைய நார்ஸ் மொழியில் சட்டையைக் குறித்த ‘ஸ்கிர்ட்டா’தான் அதற்கும் மூலம், ஷர்ட் என்ற சொல் அதன் உடன்பிறப்பு. அமெரிக்கர்கள் பேஸ்போர்டு என்கிறார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் இதையே ‘பிளேன்த்’ என்கிறார்கள். செங்கல்லைக் குறிக்கும் ‘பிளிந்தோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. ஆங்கிலத்தின் பிளிந்த்தும் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் நம் கொத்தனாருக்கு பிளிந்த் என்றால் வீட்டின் உள்தரை மட்டம் வரை எழும் அடித்தளம். அதன்மேல் பிளிந்த் பீம் என்ற கான்கிரீட் உத்தரம் போட்டுத்தான் இன்று பலரும் சுவர் எழுப்புகிறார்கள். புதுச்சேரியின் பிரெஞ்சுக்காரர் பகுதியான ஒயிட் டவுனில் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் ஒருவர் பிரான்சிலிருந்து வரைபடம் தருவித்து, அதில் ‘பிளேன்த் 10 செ.மீ.’ என்று எழுதியிருந்தால், அது கான்கிரீட் வேலையன்று, சுவரடிப் பட்டை என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தமிழில் என்ன சொல்வது? பாவாடையை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. பட்டை என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. நெற்றியில் இடும் திருநீற்றுக் கோடும் பட்டை, மரத்தைக் காக்கும் மேல்தோலும் பட்டை. அழகு, காப்பு என்ற இரண்டு வேலையும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. கற்றளிகளிலும், அதாவது கல்லால் கட்டிய கோயில்களிலும், இதன் உறவுச் சொல் உண்டு. பாகூர் மூலநாதர் கோயில் போன்ற சோழர் காலக் கோயில்களின் அதிட்டானத்தில், அதாவது சுவரைத் தாங்கும் அடிப்பீடத்தில், உபானம், ஜகதி, குமுதம், கண்டம் என்று கீழிருந்து ஏறும் அடுக்குகளுக்கு மேல் வருவது பட்டிகை. அது வெளிப்புறத்துக் கல்வேலை என்பதால் வீட்டுக்குள் அந்தச் சொல்லை இழுத்துவர நான் விரும்பமாட்டேன். சுவரடிப் பட்டை போதும். நாற்காலி இடிக்கும் உயரத்தில் அடிக்கும் மரச்சட்டத்துக்கு இடைப்பட்டை என்பது பொருந்தும். கூரையை ஒட்டி ஓடும் கார்னிஸைக் கொடுங்கை என்று எழுதுவதுதான் எனக்கு நெருடுகிறது. கொடுங்கை என்பது கோயிலில் வெளியே வளைந்து நீளும் கல் இறவாணம். வீட்டுக்குள் ஓடும் கார்னிஸுக்கு மேற்பட்டை என்பதே சரி.

டேடோ என்ற இன்னொரு கட்டடச் சொல்லின் கதை வேறு. இத்தாலிய மொழியில் அது பகடைக்காயைக் குறிக்கும். தூண்பீடத்தின் நடுவிலுள்ள சதுரக் கட்டைக்கு முதலில் அந்தப் பெயர் வந்தது. பிறகு அறைச்சுவரின் கீழ்ப்பகுதிக்கு நகர்ந்தது. நம் ஊரில் குளியலறை, சமையலறைச் சுவரில் ஒட்டும் டைலுக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. சுவர் டைல் என்றாலே புரியும்.

சொல் எதுவானாலும் கடலோர ஊரில் பொருளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மரநாரைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையாலான பட்டை தண்ணீர் பட்டால் ஊதிவிடும். தினமும் தரை துடைக்கும் வீட்டுக்கு அது ஆகாது. கடலூர், புதுச்சேரிப் பழைய வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு, ஈரத்தை வாங்கி வெளியே விடும் தன்மை கொண்டது. நிலத்து ஈரமான ஓதம் ஏறும் அத்தகைய சுவரின் அடியைச் சிமென்ட் வைத்து டைலால் மூடினால், ஈரம் வெளியேற வழியின்றிப் பட்டைக்கு மேலே ஏறும்; அங்கே உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிரும். முதலில் ஓதத்துக்கு வழி பார்த்துவிட்டுப் பிறகுதான் பட்டை.

இரண்டடிச் சதுர டைல் ஒன்றை வெட்டினால் நான்கு அங்குலப் பட்டைகள் ஆறு கிடைக்கும். பன்னிரண்டு அடி நீளம். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு, வாசல் போக, நான்கு டைல் போதும். பட்டை பூச்சை விட்டுத் துருத்தி நின்றால் அதன் மேல்விளிம்பில் தூசி படியும். அதனால் பூசும்போதே அடியில் நான்கு அங்குலம் விட்டுவைக்கச் சொல்லுங்கள். மதிப்பீட்டுத் தாளில் ‘சுவரடிப் பட்டை (ஸ்கர்ட்டிங்)’ என்று எழுதி, உயரத்தையும் ரன்னிங் அடிக் கூலியையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். கடையில் மட்டும் ஸ்கர்ட்டிங் என்றே கேளுங்கள்.