வெட்டுவதற்கு முன் ஒரு நகல்: வீட்டு வீடியோ எடிட்டிங் தொடங்குபவர்களுக்கு

காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, எருது விடும் விழா, லீவு நாளில் கே.ஆர்.பி. அணை என்று எல்லாவற்றையும் இப்போது செல்போனிலேயே எடுத்துவிடுகிறோம். அந்தத் துண்டுகளைக் கோத்து வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஒரு படமாக்கிப் பார்க்கும் ஆசை கிருஷ்ணகிரிப் பக்கம் நிறைய பேருக்கு வந்திருக்கிறது. கல்யாண வீடியோ எடிட்டிங்கையே தொழிலாக வைத்திருக்கும் எனக்கு இதில் சந்தோஷம்தான். கூட்டத்தில் யார் சின்னத் தாத்தா, எந்தச் சிரிப்புக்கு என்ன காரணம் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். எங்களுக்கு எல்லாரும் ஒரே கூட்டம். ஆனால் எடிட்டிங் கற்றுக்கொள்ளும் அந்த முதல் மாதத்தில்தான் பல வீடுகளில் அசல் வீடியோவே தொலைந்துபோகிறது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பென் டிரைவோடு வந்தார். மாங்காய் பறிப்பன்று அவருடைய அப்பா தோப்பில் உட்கார்ந்து, எந்த மரத்தை யார் வைத்தார்கள் என்று கொள்ளுப்பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை எடுத்து, ஓப்பன்ஷாட் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் எடிட் செய்திருந்தார். "டிவியில ஓட மாட்டேங்குது தம்பி, என்னன்னு பாருங்க" என்றார். பென் டிரைவில் இருந்தது சில கேபி அளவில் ஒரே ஒரு ப்ராஜெக்ட் ஃபைல். திறந்ததும் வீடியோக்கள் எங்கே என்று சாஃப்ட்வேர் நம்மைக் கேட்டது.

"ஒரிஜினல் எங்க இருக்கு டீச்சர்?"

"அதான் எடிட் பண்ணி சேவ் பண்ணிட்டேனே. இடத்தை அடைக்குதுன்னு ஃபோல்டரை அழிச்சுட்டேன். போன்லயும் இல்ல."

கூகுள் போட்டோஸின் குப்பைத்தொட்டியில் சில துண்டுகள் கிடைத்தன. மற்றதெல்லாம் பேரனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த மங்கலான நகல்கள்தான். பெரியவர் முகத்தைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது.

டீச்சர் செய்த வேலை நன்றாகவே இருந்தது. சேவ் செய்தால் வீடியோ அதற்குள் போய்விடும் என்று நினைத்ததுதான் வினையானது. நிலப் பத்திரத்தில் சர்வே எண்ணும் எல்லையும் இருக்கும், மண் இருக்காது. ப்ராஜெக்ட் ஃபைலும் அப்படித்தான். எந்த ஃபோல்டரில் உள்ள எந்த வீடியோவை எந்த நொடியில் வெட்டி எங்கே வைத்தீர்கள் என்ற குறிப்புதான் அதில் இருக்கிறது. ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றினாலே அது தடுமாறும். எக்ஸ்போர்ட் கொடுத்து எம்பி4 ஆக வெளியே எடுத்த பிறகுதான் அது டிவியில் ஓடக்கூடிய படம்.

ஆகவே சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. போனைக் கேபிளில் இணைத்து வீடியோக்களைக் காப்பி செய்யுங்கள், கட் கொடுக்காதீர்கள். பாதியில் கேபிள் அசைந்தாலும் போனில் உள்ளது பத்திரமாக இருக்கும். வருடமும் விசேஷமும் சேர்த்து ஃபோல்டருக்குப் பெயர் வையுங்கள். அதே ஃபோல்டரை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் போட்டு, இரண்டு இடத்திலும் வீடியோக்களை ஓட்டிப் பார்த்த பிறகு போனில் அழியுங்கள். ஃபுல் எச்டியில் எடுத்தால் பல போன்களில் நிமிடத்துக்கு 100 எம்பிக்கு மேல் பிடிக்கும். அதனால்தான் எல்லாருக்கும் அழிக்க அவ்வளவு அவசரம்.

சரி, எந்த சாஃப்ட்வேர்? இன்னமும் பலர் மூவி மேக்கரைக் கேட்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2017 ஜனவரி 10-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதே வருடம் நவம்பரில், அந்தப் பெயரில் ஒரு போலித் தளம் காசு பறிக்கிறது என்று ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் எச்சரித்தது. எடிட் செய்யவிட்டு, சேவ் செய்யும்போது பணம் கேட்கும் வகை அது. இன்று கூகுளில் தேடி மூவி மேக்கர் இறக்க வேண்டிய அவசியமே இல்லை. விண்டோஸ் 11 இருந்தால் கிளிப்சாம்ப் கூடவே வருகிறது. 2021-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய சாஃப்ட்வேர், 1080பி (ஃபுல் எச்டி) வரை இலவசமாக எக்ஸ்போர்ட் தரும். பழைய விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில் ஷாட்கட் போதும். ஓப்பன்ஷாட்டும் நல்லதுதான். இரண்டும் முழுக்க இலவசம், படத்தின் மேல் வாட்டர்மார்க் (நிறுவன முத்திரை) விழாது. நண்பர் கொடுத்தார் என்று கிராக் செய்த (பூட்டை உடைத்த திருட்டு) சாஃப்ட்வேரை மட்டும் ஏற்றாதீர்கள். குடும்பப் படங்கள் மொத்தமும் இருக்கிற கம்ப்யூட்டரில் வைரஸ் நுழைய நாமே வழிவிடக் கூடாது.

முதலில் கற்க வேண்டியது வெட்டுதல். டைம்லைனில் (துண்டுகள் வரிசையாக இருக்கும் பட்டையில்) ஓடும் கோட்டை வேண்டிய இடத்தில் நிறுத்தி எஸ் விசையைத் தட்டினால் துண்டாகும். ஷாட்கட்டிலும் கிளிப்சாம்ப்பிலும் இதே விசைதான். தவறினால் கன்ட்ரோல் இசட் இருக்கிறது, அசலுக்கு ஒன்றும் ஆகாது. எங்கே வெட்டுவது என்பதில்தான் படமே இருக்கிறது. காதுகுத்தில் தாய்மாமன் மடியில் குழந்தை வளையலை உருட்டி விளையாடிக்கொண்டிருக்கும். புதிதாக எடிட் செய்பவர்கள் இதை வெட்டிவிட்டு நேராக ஊசிக்குப் போய்விடுகிறார்கள். அந்த விளையாட்டை ஐந்தாறு நொடி விட்டு வையுங்கள். குழந்தை வீரிட்ட பிறகு மாமன் முகத்தில் இன்னும் கொஞ்சம் நில்லுங்கள். அழுகைக்கு மேல் சினிமாப் பாட்டு வேண்டாம். பாட்டு எங்கேயும் கிடைக்கும், அந்த அழுகை கிடைக்காது. யூடியூபில் ஏற்றினால் பாட்டுக்குக் காப்புரிமைச் சிக்கலும் வரும்.

அப்புறம் ஒலி. ஒகேனக்கல் போய் வந்தவர்கள் எல்லாரும் கொண்டு வரும் குறை ஒன்றுதான்: அருவி இரைச்சலில் பேச்சே கேட்கவில்லை. இரைச்சல் நீக்கும் வசதி இங்கே பெரிதாக உதவாது, தண்ணீரோடு குரலையும் தின்றுவிடும். நான் சொல்லும் வழி வேறு. அருவிச் சத்தம் மட்டும் கேட்கும் ஒரு துண்டின் ஒலியைத் தனியாகப் பிரித்து, குறைந்த அளவில் எல்லாக் காட்சிக்கும் அடியில் ஓட விடுங்கள். மற்ற துண்டுகளின் ஒலியை அடக்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஃபேனை நிறுத்திவிட்டு, பரிசலில் பயந்த அத்தையையே அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிப் போனில் பதிவு செய்து மேலே சேருங்கள். இப்படிச் செய்த படங்களை வீட்டார் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள்.

போகப் போக உதடும் குரலும் விலகினால் பயப்பட வேண்டாம். வெளிச்சத்துக்கு ஏற்பப் போன் நொடிக்கு எடுக்கும் ஃப்ரேம் (தனிப்படம்) எண்ணிக்கையை மாற்றிக்கொள்வதால் வருவது அது. எடிட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரட்டுமா என்று ஷாட்கட்டே கேட்கும், சம்மதம் கொடுங்கள். படம் கறுப்பாகிக் குரல் மட்டும் கேட்டால் பெரும்பாலும் எச்இவிசி என்ற, வீடியோவை அதிகம் சுருக்கும் முறையில் பதிவானதாக இருக்கும். அடுத்த முறை போன் கேமரா செட்டிங்கில் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் ஓடும் எச்.264 முறையைத் தேர்ந்தெடுங்கள்.

எக்ஸ்போர்ட் செய்த எம்பி4-ஐக் கடைசி நொடி வரை ஓட்டிப் பாருங்கள். 4 ஜிபியைத் தாண்டிய ஃபைல் பழைய பென் டிரைவில் ஏறவில்லையா? அது, அவ்வளவு பெரிய ஃபைலை ஏற்காத ஃபேட்32 முறையில் ஃபார்மெட் ஆகியிருக்கும். உள்ளே இருப்பதை எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் மறுபடி ஃபார்மெட் செய்தால் ஏறும், ஆனால் உங்கள் டிவி அதைப் படிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், தரம் குறையாது.

எங்களைப் போன்ற ஸ்டூடியோக்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. கல்யாண ஆல்பம் வாங்க வரும்போது ஒரு ஹார்ட் டிஸ்க் கொண்டு வந்து, எடிட் செய்யாத வீடியோக்களையும் கேளுங்கள். அடுத்தடுத்த முகூர்த்தங்களுக்கு இடம் வேண்டுமென்று பழையதை அழிப்பது எங்கள் தொழிலில் வழக்கம். பழைய கேம்கார்டரின் மினிடிவி (MiniDV) கேசட்டைக் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றக் கொடுத்தாலும் டிவிடியோடு நிற்காமல் அசல் ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு 13 ஜிபி போல வரும், கையில் அதற்கு இடமுள்ள டிஸ்க் இருக்கட்டும்.