நெடுந்தீவுக் குதிரைக்கு பிஸ்கற் வேண்டாம்

யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் துறையில் படகேறி ஒரு மணி நேரம் போனால் நெடுந்தீவு. பவளக்கல் வேலிகளைத் தாண்டித் தெற்கே வெட்டைப் பக்கம் போனால் மட்டக்குதிரைகள் மேய்வதைப் பார்க்கலாம். அவற்றுக்குச் சொந்தக்காரர் யாருமில்லை. வெள்ளைக்காரர் ஆட்சியில் கப்பலில் வந்த குதிரைகளின் பேரப்பிள்ளைகள் அவை. ஒல்லாந்தர் கட்டிய லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. உள்ளே கட்டத்தான் குதிரை இல்லை. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவானது.

குழந்தைகளே, ஒரு கூட்டத்தைத் தூரத்தில் நின்று எண்ணிப் பாருங்கள். பெரிய ஆண் குதிரை ஒன்றுதான் இருக்கும். கூடவே சில பெண் குதிரைகள், அவற்றின் குட்டிகள். அதுதான் ஒரு குடும்பம். அப்பாதான் தலைவர் என்று நினைப்போம். ஆனால் தண்ணீருக்கு எந்த வழியாகப் போவது என்று முன்னே நடப்பது பெரும்பாலும் வயதான ஒரு அம்மாக் குதிரை. அப்பா பின்னால் வந்து, பிந்தும் குட்டியைத் தலையைத் தாழ்த்தி முன்னே தள்ளிவிடுவார். இரண்டு மூன்று வயதான ஆண் குட்டிகள் வீட்டைவிட்டுப் போய், தங்களுக்குள் ஒரு கூட்டம் சேர்ந்து விளையாட்டுச் சண்டை பழகும்.

குதிரை ஒரு நாளில் 15 மணி நேரம்கூட மேயும். பெருந்தீனி என்று நினைக்காதீர்கள். குதிரையின் இரைப்பை உடம்புக்குச் சிறியது. ஒரேயடியாக நிறையச் சாப்பிட முடியாது, கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். இன்னொன்று: குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. நமக்கு ஒத்துக்கொள்ளாததைத் தின்றால் வெளியே வந்துவிடும். குதிரைக்கு உள்ளேயே கிடந்து புளித்து வயிறு ஊதும். பாண், பிஸ்கற், சோறு எல்லாம் அதனால்தான் ஆபத்து. வயிறு வலிக்கும் குதிரை திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கும், முன்காலால் நிலத்தைக் கிளறும், விழுந்து புரண்டு எழும்பி மறுபடியும் புரளும். பொலித்தீன் பையை விழுங்கினாலும் குடல் அடைபடும். ஆகவே சாப்பாட்டுப் பையைத் திறக்கவே வேண்டாம், காலிப் பையையும் வீட்டுக்கே கொண்டுபோங்கள்.

ஒரு மட்டக்குதிரைக்கு நாளுக்கு 10 லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும், பால் கொடுக்கும் அம்மாவுக்கு இன்னும் அதிகம். கோடையில் குளங்கள் வற்றும்போது குதிரைகள் சாவது இந்தத் தண்ணீருக்காகத்தான். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் குதிரைகள் வந்தால் நீங்கள் விலகி நில்லுங்கள். ஆள் நின்றால் தாகத்தோடேயே திரும்பிப் போய்விடும்.

இப்போது காதைப் பாருங்கள், குதிரை பேசுவது அதில்தான். காது உங்கள் பக்கம் நிமிர்ந்தால் 'யார் நீ?' என்கிறது. பின்னால் தலையோடு ஒட்டிக்கொண்டால் 'போய்விடு!' என்கிறது, ஓடாமல் மெல்லப் பின்வாங்குங்கள். எப்போதும் மூன்று பேருந்து நீளம், அதாவது சுமார் 30 மீற்றர், தள்ளி நிற்பது நல்லது. பின்புறமாக ஒருபோதும் போகாதீர்கள். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் பெரும்பாலும் சுற்றிலும் தெரியும், ஆனால் வாலுக்கு நேர் பின்னால் தெரியாது. திடீரென்று சத்தம் கேட்டால் யாரென்று பார்க்காமலே உதைக்கும்.

வெயில் ஏறியதும் இரண்டு குதிரைகள் தலையும் வாலுமாக மாறி நிற்கும். ஒன்றின் வால் மற்றதன் முகத்து ஈயை விரட்டும். நமக்கு விசிறி, அதற்குக் கூட்டாளியின் வால்! சில வேளை ஒன்றின் பிடரியை மற்றது பல்லால் சொறிந்துவிடும்.

பெரிய குதிரை நின்றபடியே கண்ணயரும். முழங்கால் மூட்டு தானே பூட்டிக்கொள்வதால் விழாது. ஆழ்ந்து தூங்கக் கொஞ்ச நேரம் படுத்தே ஆக வேண்டும். அப்போது இன்னொன்று நின்று காவல் பார்க்கும். குட்டிகளோ வெயிலில் கால்நீட்டிப் பிணம்போலக் கிடக்கும். செத்துவிட்டதென்று பயந்து சிலர் கிட்டே ஓடுவார்கள், தண்ணீர் தெளிப்பார்கள், அம்மா மிரண்டு பாயும். ஓட வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே பாருங்கள்: காது ஆடுகிறதா, விலா ஏறி இறங்குகிறதா, பக்கத்தில் ஒரு குதிரை நிற்கிறதா? அப்படியென்றால் தூக்கம்தான். வெகுநேரம் அசைவே இல்லையென்றால் பூங்கா அதிகாரிகளிடம் இடத்தைச் சொல்லுங்கள்.